மூலையில் ஒரு பச்சைப் புள்ளி

சரக்குத் தூக்கியை ஓட்டுகிறவருக்கு அந்தத் திரையை முதல் நாளே பிடிக்கவில்லை. பழைய நெம்புகோலைக் கழற்றிய இடத்தில் அதை மாட்டியிருந்தார்கள். நெம்புகோல் கையோடு பேசும். சரக்கு ஏறும் பெட்டி மேலே போய்ச் சேர்ந்ததைத் தோள்பட்டை சொல்லிவிடும். இது வெறும் கண்ணாடி. மேலே, கீழே என்று இரண்டு பொத்தான்கள். நடுவே கட்டடத்தின் படம். அதற்குள் மஞ்சளாக ஒரு பெட்டி. நிஜப் பெட்டி ஏறினால் படத்துப் பெட்டியும் ஏறும். அவருடைய அறையிலிருந்து, பெட்டி ஏறி இறங்கும் குழியைப் பார்க்க முடியாது. படத்தைத்தான் நம்ப வேண்டும்.

திரையைச் செய்தவனுக்கு ஜன்னல்காரன் என்று பெயர் விழுந்திருந்தது. கணினியில் திறக்கிற கட்டத்தை ஜன்னல் என்பானாம். வாயைத் திறந்தால் "என் ஜன்னல்" என்றுதான் ஆரம்பிப்பான். அந்த அறையிலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்து செய்தான். எழுத்தைவிட அடைப்புக்குறிகள் அதிகமாக இருக்கும் நாலு வரியைத் தட்டுவான். திரையில் ஒரு பொத்தான் முளைக்கும். இன்னும் இரண்டு தட்டு தட்டினால் அது நகர்ந்து உட்காரும். காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

சரிபார்க்க வந்த இன்னொரு கணினிக்காரர் அந்த வரிகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மொழியை நான் கேள்விப்பட்டதோட சரி சார். இதைத் தொடணும்னா இவரே வந்தாத்தான் உண்டு."

மேலாளர் சிரித்தார். "நல்லா ஓடுதுல்ல, விடுங்க. இனிமே யார் உழைக்கிறா, யார் தூங்குறான்னு தன்னால தெரிஞ்சுடும். தூக்கிக்கு ரெண்டு ஓட்டுநர் எதுக்குன்னும் யோசிக்கலாம்."

வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அந்த இரண்டு ஓட்டுநர்களில் வயதானவர் இவர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மைத்துனனிடம் சொன்னார். அவன் மேல்மாடியில் துணிப் பொதிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறவன், மனைவியின் தம்பி.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் பேசற மொழியை விட்டுட்டு, ஒருத்தனுக்கும் புரியாததுல எழுதறான்னா என்ன அர்த்தம் மாப்ள? உள்ள எதையோ வெச்சிருக்கான்."

"நீங்க தண்ணியைக்கூட மோந்து பாத்துட்டுக் குடிக்கிற ஆளு மாமா."

"சிரிக்காதே. கீழ் மூலையில ஒரு பச்சைப் புள்ளி இருக்கு, பாத்தியா? கண்ணு சிமிட்டிக்கிட்டே இருக்கு. நான் எழுந்தாலும் சிமிட்டுது, உக்காந்தாலும் சிமிட்டுது."

"உங்க அழகைப் பாத்துக் கண்ணடிக்குது போல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல்காரனிடமே கேட்டார். "தம்பி, இந்தப் புள்ளி எதுக்கு?"

அவன் ஒரு காதை மட்டும் விடுவித்தான். "அது ஒண்ணுமில்லண்ணே. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒன்றுமில்லாததை ஒருவன் உட்கார்ந்து செய்வானா? மறுநாள் பொதி ஒட்டும் பழுப்பு டேப்பில் விரல்நுனி அளவு கிழித்துப் புள்ளியின் மேல் ஒட்டினார். அப்போதுதான் மூச்சு விடவே முடிந்தது. நிம்மதியாகக் கொட்டாவிகூட விட்டார்.

சில வாரம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், மேல்மாடியில் நின்ற பெட்டியைக் கீழே இறக்கப் பொத்தானை அமுக்கினார். படத்தில் பெட்டி அசையவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். மேல்மாடியிலேயே சிலை மாதிரி நின்றது. அமுக்கியது விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்.

மேலேயிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான். "மாமா, இன்னும் ஒரு வண்டி இருக்கு. பெட்டி இங்கதானே நிக்குது?"

படத்தைப் பார்த்தார். "அங்கதான். தள்ளு."

மைத்துனன் கம்பிக் கதவை முதுகாலேயே தள்ளித் திறந்து, வண்டியைத் திருப்பி உள்ளே விட்டான். உள்ளே பெட்டி இல்லை. முன் சக்கரங்கள் வெறும் இருட்டில் இறங்கின. கைப்பிடி அவனையும் இழுத்தது. அதை எப்படிக் கைவிட்டான் என்று அவனுக்கே தெரியாது. பொதிகள் கீழே நின்ற பெட்டியின் கூரைமேல் போய் விழுந்த சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது.

அவர் படியேறி ஓடினார். மைத்துனன் கதவோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பில்லை.

"போன மாசம்தான் வாங்கினேன் மாமா," என்றான்.

கீழே வந்தபோது, சத்தம் கேட்டு ஓடிவந்த ஜன்னல்காரன் திரைமுன் நின்றிருந்தான். "இந்த டேப்பை யாருண்ணே ஒட்டினது?"

"நான்தான்."

அவன் நகத்தால் உரித்தான். அடியில் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. "இது சிமிட்டிக்கிட்டிருந்தா படம் உயிரோட இருக்கு. நின்னுட்டா நீங்க பாக்கறது பழைய படம். நம்பக் கூடாது."

அவருக்குப் பயமே கோபமாகவும் வந்தது. "கேட்டேனே தம்பி! ஒண்ணுமில்லன்னு நீதானே சொன்னே?"

அவன் டேப்பை விரல்களுக்கிடையில் புரட்டினான்.

"படம் ஏன் நின்னுச்சு? அதையாவது சொல்லு."

"படம் வரையறதையும் கணக்கு அனுப்பறதையும் ஒரே ஆள் தலையில கட்டின மாதிரி எழுதிட்டேன். கணக்குல மாட்டிக்கிட்டா வரைய ஆளில்ல. பிரிச்சு எழுதியிருக்கணும்."

"என்ன கணக்கு?"

ஜன்னல்காரன் தரையைப் பார்த்தான். "பெட்டி எத்தனை நடை போகுது, நடுவுல எவ்வளவு நேரம் சும்மா நிக்குதுன்னு. ஆபீசுக்குப் போகும். சார் கேட்டார்."

ஆக, அவரைக் கண்காணிக்கிற கண் இருக்கத்தான் செய்தது. அவர் மூடியதுதான் வேறு எதையோ.

வாசலில் மேலாளரின் பூட்ஸ் சத்தம். "யாரால ஆச்சு இது?"

ஜன்னல்காரன் கையிலிருந்த டேப்பை உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "திரை உறைஞ்சுடுச்சு சார். என் எழுத்துல தப்பு. அவர் மேல ஒண்ணுமில்ல."

அவர் வேலை போகவில்லை. கணக்கு அனுப்புவதும் நிற்கவில்லை. புள்ளி இப்போது உள்ளங்கை அகலத்துக்குத் துடிக்கிறது. பக்கத்தில் 'நின்றால் நம்பாதே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அதையும் திரைக்குள் எழுதியது அதே புரியாத மொழிதான், அதே கைதான்.

ஒவ்வொரு நடைக்கும் அவர் கழுத்தை நீட்டிக் கத்துகிறார். "மாப்ள, பெட்டி இருக்கா?"

"ஏன் மாமா, உங்க கண்ணாடி டப்பா சொல்லலையா?"

"சொல்லுது. நீ கண்ணால பாத்துச் சொல்லு."

ஜன்னல்காரன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் பார்வை முதலில் அவன் சட்டைப்பைக்குத்தான் போகும். அந்த டேப்பைத் தூக்கி எறிந்தானா, பத்திரமாக வைத்திருக்கிறானா? கேட்கலாம். கேட்டால், ஒண்ணுமில்லண்ணே என்பான்.