காதுக்கு உள்ளே இருக்கும் பாதி

தேக்கா மாட்டுக் கொட்டகையில் அப்துல் முத்தலிபைப் போல வாய் உள்ள தரகர் கிடையாது. அவரைப் போலக் காது உள்ளவரும் கிடையாது. தமிழில் விற்பவரையும் மலாயில் வாங்குபவரையும் சீனரின் ஹொக்கியனில் குறை சொல்பவரையும் ஒரே நேரத்தில் கேட்டு, மூவருக்கும் பதில் சொல்லிவிடுவார். மாடு தன்னிடம் பேசியதென்று அவர் சொன்னால் அதையும் நம்ப ஆள் இருந்தது. அப்படிப்பட்டவர் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கொட்டகையில் மயங்கி விழுந்தார். எழுந்தபோது கை, கால், வாய் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மற்றவர் பேச்சு மட்டும் விளங்கவில்லை.

அவர் பேசினால் எல்லோருக்கும் புரிந்தது. மற்றவர் பேசினால்தான் அவருக்குப் புரியவில்லை. சிராங்கூன் சாலையில் டிராம் வண்டியின் மணி கேட்டது, காகம் கேட்டது, மனைவி மைமூன் பாத்திரத்தை நங்கென்று வைக்கும் கோபம்கூடக் கேட்டது. அவள் வாயைத் திறந்தாலோ தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல்தான். தமிழ், மலாய், ஹொக்கியன் எல்லாவற்றுக்கும் ஒரே மழை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அவர் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார். காதில் பழுதே இல்லை, பழுது அதற்கும் உள்ளே எங்கோ இருக்கிறது என்றார். அதைக்கூட மைமூன் சிலேட்டில் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். ஒரே மகள் ஜைனபுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் ‘கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ‘ஏற்றுக்கொண்டேன்’ என்பதைக் கேட்க வேண்டும். மைத்துனர் இப்ராஹீம் சிலேட்டை எடுத்து, “பள்ளிவாசல் லெப்பைகிட்ட பொறுப்பைக் கொடுத்துடுங்க மச்சான். அவர் உங்களுக்காகச் சொல்வார்” என்று எழுதினார். அப்படிச் செய்வதில் தப்பில்லைதான். ஆனாலும் முத்தலிபுக்கு மனசு ஒப்பவில்லை. ஊரார் மாட்டுக்கெல்லாம் ஓயாமல் பேசிய வாய், பெற்ற பெண்ணைக் கொடுக்கும்போது மூடிக்கிடப்பதா?

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பிரசங்கம் முழுவதும் மழையாகப் பெய்து ஓய்ந்தது. பிறகு தொழுகை தொடங்கியது. இமாம், முத்தலிபுக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமான பாத்திஹாவை ஓதினார். முத்தலிபுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, பளிச்சென்று வந்து விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. தொழுகை முடிந்து பக்கத்தில் இருந்தவர் ஸலாம் சொல்லி ஏதோ விசாரித்தார். ஸலாம் கேட்டது. விசாரிப்பு மழையோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மைமூன் அகப்பையோடு குனிந்து, “இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?” என்றாள்.

“வை,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மைமூனின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

அன்று மாலை முழுக்க அவளை அவர் சும்மா விடவில்லை. “எதைப் பத்திப் பேசப்போறேன்னு மொதல்ல கையால காட்டு, அப்புறமாப் பேசு,” என்றார். விளக்கைக் காட்டிப் பேசினாள். எண்ணெய் இல்லை என்பது விளங்கியது. எதையும் காட்டாமல் பேசினாள், ஒன்றும் விளங்கவில்லை. சொல் முழுசாக வெளியிலிருந்துதான் வருகிறது என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தாரே. பாதிதான் வெளியிலிருந்து வருகிறது. மறுபாதியை உள்ளே யாரோ தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். வந்ததோடு சேர்த்துக் கண்ணிமைப்பதற்குள் அர்த்தமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கொட்டகைக் கூச்சலில், மூன்று மொழியில், இத்தனை வருஷமாக இந்த வேலை தன் தலைக்குள் நடந்திருக்கிறது. ஒருநாளாவது அவர் திரும்பிப் பார்த்ததுண்டா? இறைவன் கொடுத்ததன் பெருமையை நினைக்க நினைக்க அவருக்கு மலைப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

“நிக்காஹ்ல மாப்பிள்ளை என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். அதனால எனக்குக் கேக்கும்,” என்று இப்ராஹீமிடம் சொன்னார்.

இப்ராஹீம் யோசித்து எழுதினார்: “அப்படின்னா நீங்க கேக்குறது உங்க மனப்பாடத்தை மச்சான். மாப்பிள்ளையை இல்ல.”

சுருக்கென்றது. கடைசியில் பள்ளிவாசல் லெப்பைதான் ஒரு வழி எழுதிக் காட்டினார். முத்தலிபே கொடுக்கட்டும், மாப்பிள்ளை சொன்னது விளங்கவில்லை என்று தெரிந்தால் பொறுப்பை லெப்பையிடம் விட்டுவிட வேண்டும். முத்தலிப் சம்மதித்தார்.

நிக்காஹ் நாள் வந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் மஹராகப் பொன்சங்கிலி ஒன்று தட்டில் இருந்தது. மாப்பிள்ளை ரவூப், லெப்பை எடுத்துக்கொடுக்க வேண்டாம், நானே சொல்லிவிடுவேன் என்று வீறாப்பாக வந்து உட்கார்ந்திருந்தார். முத்தலிப் அவருடைய கையைப் பிடித்தார். கை சில்லென்றிருந்தது.

“என் மகள் ஜைனபை இந்தப் பொன்சங்கிலி மஹருக்கு உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்.”

இனி வரவேண்டியது, ‘உங்கள் மகள் ஜைனபை, நீங்கள் சொன்ன மஹருக்கு, நிக்காஹ் செய்து ஏற்றுக்கொண்டேன்’ என்பது. அது முத்தலிபின் உள்ளே முழுசாகத் தயாராக நின்றது. ஓடாதே, அவர் சொல்லட்டும், அப்புறம் நீ வா என்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரவூபின் உதட்டையே பார்த்தார். உதடு அசைந்தது. சொற்கள் வந்தன. முடிந்தது.

சபை முழுக்க முகம் மலர்ந்தது. இப்ராஹீம் மார்பில் கைவைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

முத்தலிப் கையை விடவில்லை. உள்ளே நின்றதில் ஒரு துண்டுக்கு மட்டும் வெளியிலிருந்து ஜோடி வரவில்லை. “மஹரை விட்டுட்டீங்க மாப்பிள்ளை,” என்றார்.

எல்லோரும் திகைத்தார்கள். இப்ராஹீம் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். “முழுசாச் சொன்னாரே. நாங்க எல்லாரும் கேட்டோமே.” சாட்சிகள் இருவரும் ஆமாம் என்றார்கள். லெப்பை ரவூபைப் பார்த்தார்.

ரவூபின் நெற்றி வியர்த்துவிட்டது. “பதறிட்டேன் லெப்பை. மஹர்னு நான் சொல்லல.”

லெப்பை தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “பக்கத்துலதானே இருந்தேன். சொன்னதாத்தான் என் காதுல விழுந்துச்சு,” என்றார். இப்ராஹீம் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நல்ல காதுகள் சேர்ந்து, சொல்லாத சொல்லைக் கேட்டிருந்தன.

ரவூப் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, ஒன்றும் விடாமல் சொன்னார். கடைசிச் சொல்வரை காத்திருந்துதான் முத்தலிப் அவர் கையை விட்டார்.

“கொடுத்தேன். ஏத்துக்கிட்டார்,” என்றார் சபையைப் பார்த்து. “என் காதால கேட்டேன்.”