நாய்க் காலும் பத்து கிலோ ஓமும்

அவள் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி, அவள் நாத்தனார் கால்நடை மருத்துவமனை நடத்தினாள். அங்கிருந்த ஈசிஜி இயந்திரம் ஒரு திங்கட்கிழமை உயிரை விட்டது. நாத்தனார் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை ஒரு கிழட்டு நாய்க்கு ஆபரேஷன். மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி அதோட இதயத்தைப் பார்த்தே ஆகணும்."

திறந்து பார்த்தால், காலில் மாட்டும் கம்பிகள் வந்து சேரும் போர்டு கருகிக் கிடந்தது. காகிதத்தில் கோடு போடும் பகுதி நன்றாகவே இருந்தது.

"ரெண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கணும், அவ்வளவுதானே? நானே செஞ்சு தர்றேன். தண்ணி பட்ட பாடு எனக்கு."

ஒரு சிப், மின்சாரத்தைத் தடுத்து அளவாக விடும் ரெசிஸ்டர் நான்கு. பத்து கிலோ ஓமில் இரண்டு, நூறு கிலோ ஓமில் இரண்டு. மேசை மேல் வைத்துப் பத்து மில்லிவோல்ட் கொடுத்தாள், நூறு வந்தது. புதன்கிழமை காலை அதை இயந்திரத்தில் பொருத்தி எடுத்துப் போனாள்.

நாயின் பெயர் குண்டன். பெயருக்குத் துரோகம் செய்யாத உடம்பு. மேசையில் ஏறியதும் படுத்துவிட்டான். நாத்தனார் இரண்டு கால்களில் கம்பியும் மூன்றாவது காலில் எர்த்தும் மாட்டி, பொத்தானை அழுத்தினாள். காகிதம் முழுக்கப் பல் பல்லாகக் கோடு ஓடியது.

"இது இதயமா, மரம் அறுக்கற மெஷினா அண்ணி?"

அவள் டியூப் லைட்டை அணைத்தாள். கம்பிகளை முறுக்கிக் கட்டினாள். எர்த்தைக் குறை சொன்னாள். கடைசியில் நாயையே குறை சொன்னாள். குண்டன் கொட்டாவி விட்டான்.

மத்தியானம் சாப்பாட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவன், "என்ன ஆச்சு?" என்றான்.

"உங்க தங்கச்சியோட நாய் என் மானத்தை வாங்கிடுச்சு."

மறுநாள் கடையைத் திறந்ததும் மறுபடியும் பத்து மில்லிவோல்ட் கொடுத்தாள். நூறு. சர்க்யூட் சொன்னபடி கேட்டது. அப்படியானால் மேசைக்கும் நாய்க்கும் என்ன வித்தியாசம்? மேசையில் சிக்னல் தங்குதடையில்லாமல் வருகிறது. நாயிடமிருந்து வருவது ரோமத்தையும் தோலையும் தாண்டி வருகிறது.

ஒரு பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்து, அதுதான் தோல் என்று வைத்துக்கொண்டு, இரண்டு கம்பிகளில் மைனஸ் கம்பி வரும் வழியில் சேர்த்து, அதில் சிக்னலைக் கொடுத்தாள். நூறு, ஐம்பதாக இறங்கியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிக்னலையும் அதே ரெசிஸ்டரையும் பிளஸ் பக்கம் மாற்றினாள். தொண்ணூற்றிரண்டு!

"அட, இதுவா சங்கதி!" என்று காலியான கடையில் வாய்விட்டுச் சொன்னாள்.

மைனஸ் பக்கத்தில் சிக்னலுக்கு எதிரே நிற்பது வெறும் பத்து கிலோ ஓம். பிளஸ் பக்கத்தில் பத்தும் நூறும் சேர்ந்து நூற்றுப் பத்து. ஒரே சர்க்யூட்தான், ஆனால் கம்பி நுழையும் இரண்டு வாசலும் ஒரே அளவில் சிக்னலை இழுப்பதில்லை. அறையிலுள்ள மின்சார இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறினால்தான் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நாயின் இரண்டு காலிலும் தோல் ஒரே அளவில் தடுப்பதில்லை; ஒரு பக்கம் பாதியும் மறுபக்கம் முழுசுமாகப் போய்ச் சேர்ந்தால் கழிவதெங்கே? மிச்சம்தான் ரம்பப் பல்.

பரிகாரம் சுலபம். இரண்டு வாசலுக்கும் முன்னால் ஆளுக்கொரு சிப். வரும் வோல்டேஜை அப்படியே உள்ளே அனுப்பும். தனக்கென்று அநேகமாக எதுவும் இழுக்காது. பற்றவைத்து முடித்து, ரெசிஸ்டரை முதலில் இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் நூறு.

அன்று சாயங்காலம் குண்டன் மறுபடியும் மேசையில் படுத்தான். கோடு ஓடியது. சின்ன மேடு, செங்குத்தாக ஒரு சிகரம், இன்னொரு மேடு. மறுபடியும் அதே. நாத்தனார் ஒரு முழக் காகிதத்தைக் கையில் பிடித்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு பேரை விட நல்லா இருக்கு அண்ணி இவன் இதயம். என்ன பண்ணினீங்க?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வாசல், இன்னொரு வாசல், தோல், பத்து, நூற்றுப் பத்து என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். நாத்தனார் பாதியில் கையைத் தூக்கினாள்.

"புரிஞ்ச மாதிரி இருக்கு. இன்னொரு தடவை கேட்டா குழம்பிடும், விடுங்க."

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்த குண்டன், தையல் போட்ட வயிற்றைப் பார்க்காமல், வாசலில் நின்ற அவளைப் பார்த்து வாலை ஆட்டினான்.

"நேத்து உன்னைத் திட்டினதா நினைச்சுக்காதேடா" என்று அவன் காதைத் தடவிவிட்டு, திட்டியது முந்தாநாள் என்பது நினைவுக்கு வர, தானே சிரித்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.