அறுபத்து நாலாம் பக்கத்து ‘வெளிப்படை’

கணிதத் துறையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சில சொற்களுக்கு உண்மைப் பொருள் தெரிந்துவிடும். ‘எளிதில் காணலாம்’ என்றால் எழுதியவர் பல நாள் தூங்கவில்லை. ‘வாசகரின் பயிற்சிக்கு விடப்படுகிறது’ என்றால் அவருக்கே வரவில்லை. ‘வெளிப்படை’ என்றால் யாரும் கேட்கக் கூடாது.

அன்று ஒருவர் கேட்டுவிட்டார்.

அக்காவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. யாரும் வர மாட்டார்கள் என்பது வழக்கம். அன்று பார்த்து அறை நிறைந்துவிட்டது. இயற்கணிதக்காரர்கள் ஜன்னலோரம். புள்ளியியல்காரர்கள் மின்விசிறிக்கு அடியில். எண் கோட்பாட்டுக்காரர் ஒரே ஒருவர், பகா எண் மாதிரி தனியாக. முன்வரிசையில் நானும் அம்மாவும். அம்மாவுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் மளிகைக் கணக்கு. ஆனால் வேறொரு கல்லூரியில் அக்காவுக்கு வேலை காத்திருப்பதும், இன்று தேறினால்தான் திங்கட்கிழமை அங்கே சேர முடியும் என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அறுபத்து நாலாம் பக்கம். ‘எஞ்சிய கோட்டுருவில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு விளிம்புகள். வெளிப்படையாக, அது ஒரே சுற்று.’ எப்படிம்மா வெளிப்படை?”

அக்கா தன் பிரதியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள்.

“என்னடா கேக்கறாங்க?” அம்மா என் விலாவில் இடித்தாள்.

“கொஞ்சம் புள்ளிம்மா. ஒவ்வொரு புள்ளியிலயும் ரெண்டே ரெண்டு கோடு வந்து சேருது. அப்படின்னா எல்லாம் சேர்ந்து ஒரே வளையல் மாதிரி ஆயிடும்னு அக்கா எழுதியிருக்கா. ஏன்னு கேக்கறாங்க.”

“சரியாத்தானே இருக்கு?”

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க.”

உண்மையில் அந்த வரி அக்காவின் நெறியாளருடையது. எதைச் சொன்னாலும் ‘எனவே’ என்று ஆரம்பிப்பதால் துறையில் அவருக்கு எனவே சார் என்று பெயர். கேன்டீனில்கூட “எனவே, ஒரு காபி” என்பார். அவரைப் பேராசிரியராக்கிய கட்டுரையே அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. “இதுக்கு நிரூபணம் எழுதட்டுமா சார்?” என்று அக்கா கேட்டதற்கு, “சின்னப் பிள்ளை மாதிரி எழுதாதம்மா” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து முறைத்துக்கொண்டே இருந்தாள். என்னை.

இப்போது எனவே சார் தொண்டையைச் செருமினார்.

“எனவே, அது என் கட்டுரையிலயே இருக்கற முடிவு. அதைப் பாருங்கன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போம்மா.”

தப்பிக்க வழி சொல்லிக் கொடுத்தாயிற்று. தேர்வாளரும் பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் வைத்துவிட்டார். வேண்டியது இரண்டு கையெழுத்து. அதில் ஒன்று எனவே சாருடையது. தலையாட்டினால் போதும்.

அக்கா சாக்பீஸை எடுத்தாள். பலகையில் ஆறு புள்ளி வைத்தாள். ஒரு கோடு, இன்னொரு கோடு. மூன்றாவது கோடு கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வந்துவிட்டது. ஒரு முக்கோணம். மீதிப் புள்ளிகள் கேட்பாரற்று நின்றன. பிறகு அவற்றையும் இணைத்தாள். இன்னொரு முக்கோணம்.

எல்லாப் புள்ளியிலும் இரண்டு கோடு. ஆனால் வளையல் இரண்டு.

“டேய், ரெண்டு இருக்குடா,” என்றாள் அம்மா. ரகசியமாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

“தப்பு மேடம்,” என்றாள் அக்கா. “நான் எழுதினது தப்பு.”

“அப்ப தேற்றம்?”

“‘இணைந்த’ன்னு ஒரு நிபந்தனை வேணும். எந்தப் புள்ளியிலேருந்தும் எந்தப் புள்ளிக்கும் கோட்டு மேலயே போக முடியணும். அப்ப ஒரு புள்ளியில கிளம்பி, வந்த கோட்டுலயே திரும்பாம நடந்தா, கிளம்பின இடத்துக்குத்தான் வந்தாகணும். நடுவுல இருக்கற புள்ளிக்கெல்லாம் ரெண்டு கோடும் தீர்ந்துபோச்சு. வெளியில ஏதாவது புள்ளி மிஞ்சினா, அங்க போக வழியே இருக்காது. அதனால மிஞ்சாது. தேற்றம் சின்னதாகும் மேடம். சாகாது.”

தேர்வாளர் மெல்லத் திரும்பினார். “உங்க கட்டுரையில அந்த நிபந்தனை இருக்கா சார்?”

எனவே சார் முதல்முறையாக ‘எனவே’ சொல்லவில்லை. “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க.”

தாழ்வாரத்தில் அம்மா பிடித்துக்கொண்டாள். “அவரே காப்பாத்த வந்தாரேடி. வாயை மூடிக்கிட்டு இருந்தா கொறஞ்சா போயிடுவே?”

“புதுக் காலேஜுல போய் இந்தத் தப்பையே பிள்ளைங்களுக்கு நடத்தச் சொல்றியா?”

கதவுக்கு உள்ளே சாக்பீஸ் கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது.

கதவு திறந்தபோது எனவே சாரின் சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள். ஆறு புள்ளியையும் ஒரே வளையலுக்குள் தள்ள கணிதத்தின் எல்லாக் கிளைகளின் உதவியையும் நாடியிருப்பார் போல. கையில் முடிவுத் தாள். தேர்வாளர் கையெழுத்துப் போட்டாயிற்று. எனவே சார் இன்னும் போடவில்லை; அவர் பேனா மூடி திறந்தே இருந்தது.

“ஒரு திருத்தக் கட்டுரை வெளியிடணும். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். என் பேர் முதல்ல.”

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அம்மா அக்காவின் முதுகில் கிள்ளினாள். ‘சரின்னு சொல்லித் தொலை’ என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் குறியீடு.

“கணிதத்துல அகர வரிசைதானே சார் வழக்கம்?”

அக்காவின் பெயர் ‘அ’வில் ஆரம்பிக்கும். அவருடையது ‘வை’யில்.

பின்னால் வந்த தேர்வாளர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “ஆமா, அதான் வழக்கம். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு சார், போடுங்க.”

எனவே சார் தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் புள்ளி தாளைத் துளைத்துச் சுவருக்குப் போய்விட்டது.

அம்மா தாளை வாங்கி ஊதினாள். மை காயறதுக்குள்ள கையை வைக்காதே என்று என்னை அதட்டினாள். நான் கிட்டேகூடப் போகவில்லை.