படகுக்காரன் விருந்து

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஸக்லூல் சொன்னான். அப்போது அவனுடைய ஜீப் எகிப்துப் பாலைவனத்தில், எங்கள் கார்கா ஊருக்கு வடக்கே மணலில் அச்சுவரை புதைந்திருந்தது. நான் பாதியில் எழுந்து போக முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முடிவை நெருங்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. வண்டி ஓட்டும்போது ஸக்லூல் பேசமாட்டான். அதனால் முடிவு என்னிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

முதல் தொடக்கம்: "பாலைவனத்தின் மேல் சூரியன் மெல்ல எழுந்தபோது..."

(அடித்துவிட்டேன். இங்கே அது எழாத நாள் ஒன்று உண்டா?)

இரண்டாம் தொடக்கம்: "ஷாஸ்லிக்குக் காதலிக்கத் தெரியாது."

(பொய். நன்றாகவே தெரியும். அவனுக்குத் தெரியாதது, ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் உட்காருவது.)

இதையே தொடக்கமாக வைத்துக்கொள்வோம்.

2

ஷாஸ்லி வழிகாட்டி. நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. பிரமிடுகளைப் பார்த்துச் சலித்தவர்களைக் கூட்டிக்கொண்டு, யாரும் எட்டிப் பார்க்காத மண்கோயில்களையும் கோட்டைகளையும் மூன்று நாள் சுற்றிக்காட்டுவான். வண்டி ஓட்டுவது ஸக்லூல். இரண்டாம் நாளான வெள்ளிக்கிழமை மதியம் எப்போதும் ஸந்த் கோட்டை.*

* பெயரை மாற்றியிருக்கிறேன். காவலாளி பஸ்யூனியின் வேலைக்கு என்னால் வேட்டு வைக்க முடியாது.

ஹாஜி பஸ்யூனியின் குடிசை கோட்டை வாசலை ஒட்டி இருக்கிறது. ஷாஸ்லி கிளம்பும் நேரத்தில் இது தவறாமல் நடக்கும்:

"ஹாஜி, வரட்டுமா?"

"என்னது, வரட்டுமாவா? சாப்பாடு தயாரா இருக்கு. வாங்க, எல்லாரும் வாங்க!"

"அல்லாஹ் உங்களுக்கு நெறையக் கொடுக்கட்டும். இன்னொரு நாள் பாப்போம்."

"சத்தியமா சொல்றேன், சாப்பிடாம போகக் கூடாது!"

"நீங்க கூப்பிட்டதே வயிறு நெறஞ்ச மாதிரி, ஹாஜி. அண்ணே, வண்டிய எடு!"

இங்கே இதற்குப் படகுக்காரன் விருந்து என்று பெயர். நடு நைலில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைப் பார்த்து, "வா, சாப்பிடலாம்!" என்று கத்துவான். அவன் எப்படி வருவான்? படகுக்காரனுக்கும் அது தெரியும். அதனால் மரியாதை தெரிந்தவன் முதல் அழைப்பை மறுப்பான், இரண்டாவதையும் மறுப்பான். மூன்றாம் முறையும் அழைத்தால்தான் அடுப்பில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

(தமிழ் வாசகரே, ரொம்பச் சிரிக்காதீர்கள். வெளியே கிளம்பக் கையில் சாவியோடு வாசலில் நின்றபடி, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்று நீங்கள் யாரிடமும் சொன்னதே இல்லையா?)

ஷாஸ்லிக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். மூன்றாம் அழைப்பு வருவதற்குள் அவன் வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவான்.

3

இன்ஷிராஹ் பஸ்யூனியின் தங்கை. கார்காவில் அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமைகளில் அண்ணனுக்குச் சமைத்துப்போட வருவாள். ஒருமுறை குடிசை வாசலில் நின்று ஷாஸ்லியின் சொற்பொழிவை முழுதாகக் கேட்டுவிட்டு, "சிப்பாய்ங்க இங்க இருந்தாங்க, இருந்தாங்கன்னு எப்பவும் சொல்றீங்க. என்னதான் சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடினான். அகழாய்வுக்கு வந்த ஆட்களைப் பிடித்து நச்சரித்தான். பதில் கிடைத்தது. கூடவே, கிளம்புவதற்கு முந்தின நாளெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடும் வியாதியும் வந்துவிட்டது. பதிலைச் சொல்ல உட்கார வேண்டும். உட்காரச் சாப்பிட வேண்டும். அவனோ கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். ஒரு மனிதன் இவ்வளவு மடையனாக இருப்பானா? இந்த இடத்தில் கதை நம்பும்படியாக இல்லை என்று ஸக்லூலிடம் சொன்னேன். "நீ அவனோட ஒரு வாரம் வண்டியில போய்ப் பாரு," என்றான்.

போகட்டும். இப்போது இன்ஷிராஹுக்குத் தொலைவிலிருக்கும் அஸ்யூட் நகரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமைகளில் அவள் இங்கே வரப்போவதில்லை. இந்தப் பயணத்தில் எப்படியாவது மூன்றாம் அழைப்புவரை நின்று, உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசிவிடுவது என்று ஷாஸ்லி முடிவெடுத்திருந்தான்.

(முதல் வரைவில் ஜீப்பின் பின்சீட்டில் ஹில்டா என்றொரு ஜெர்மன் அம்மாளை உட்கார வைத்திருந்தேன். தொப்பி, தொலைநோக்கி, சத்தமான சிரிப்பு. கதையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லாததால் இறக்கிவிட்டேன். உண்மையில் அன்று வந்தவர்கள் கெய்ரோவிலிருந்து மூன்று ஓய்வுபெற்ற பொறியாளர்கள். கோட்டையைவிட அதன் கீழே ஓடும் பழைய நீர்ச்சுரங்கத்தின் சரிவைப் பற்றித்தான் அவர்களுக்குள் தகராறு.)

4

இரண்டாம் நாள் மதியம். பொறியாளர்கள் சுரங்கத்தைப் பார்த்துவிட்டுத் தலைமுடியெல்லாம் மண்ணாக ஜீப்பில் ஏறினார்கள். ஷாஸ்லி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஹாஜி, வரட்டுமா?"

"சரி சார். பாத்துப் போங்க," என்றார் பஸ்யூனி.

அவ்வளவுதான். ஷாஸ்லி இன்னும் கொஞ்சம் நின்றான். சும்மா செருப்பை உதறினான். பஸ்யூனி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஸ்லி வண்டிக்கு வந்து ஸக்லூலின் காதில் கிசுகிசுத்தான்.

"ஏண்ணே இன்னிக்குக் கூப்பிடல?"

"கூப்பிட்டு? நீ உக்காந்து கிழிச்சிடுவியாக்கும்? ஒவ்வொரு தடவையும் டீச்சர் நெசமாவே வாத்து சமைச்சு வச்சிருந்தாங்களாம். நீ வயிறு நெறஞ்சிருச்சுன்னு டாட்டா காட்டிட்டுப் போயிருக்க. அந்த ஆளுக்கு நம்ம சோறு எறங்காதுண்ணே, இனிமே கூப்பிடாதன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க. ஹாஜிதான் எங்கிட்டப் புலம்பினாரு."

"இதை இப்ப வந்து சொல்றியே!"

"நீ இப்பதானே கேட்ட?" ஸக்லூல் மூக்கை உறிஞ்சினான். "ஆனா தம்பி, உள்ள இன்னிக்கும் வாத்து வாசனை வருதுடா."

5

இப்போது வசமாக மாட்டிக்கொண்டோம், நீங்களும் நானும். ஷாஸ்லி தானாகப் போய்ச் சோறு கேட்க முடியாது. கார்காவில் தலைகாட்ட முடியாமல் போய்விடும். பொறியாளர்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான், பசித்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். இங்கேதான் ஹில்டா வேண்டியிருக்கிறாள்! வழக்கம் தெரியாத அந்த அம்மாள், "ஆகா, என்ன வாசனை!" என்று நேரே அடுப்படிக்குள் நுழைந்திருப்பாள். எல்லோரும் பின்னால் போயிருக்கலாம். நான்தான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன்.

அல்லது ஜீப் பழுதாகலாம். ஸக்லூல் கோபித்துக்கொள்வான், வேண்டாம்.

அல்லது புழுதிப் புயல் ஒன்று... இல்லை. காதலுக்காகப் புயலை வரவழைக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

நடந்ததையே சொல்கிறேன். ஷாஸ்லி ஜீப்பின் பின்பக்கம் போனான். பயணச் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கினான். டப்பா மீன், வெள்ளைப் பாலாடைக்கட்டி, காலையில் சுட்டு ஆறிப்போன மொச்சை வடை. குடிசை வாசலில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினான். இன்ஷிராஹ் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், சாப்பிட வாங்க," என்றான் ஷாஸ்லி.

அவள் பாயைப் பார்த்தாள், வடையைப் பார்த்தாள். "அல்லாஹ் உங்களுக்கு நெறையக் கொடுக்கட்டும். இன்னொரு நாள் பாப்போம்."

ஜீப்பில் ஒரு பொறியாளருக்குப் புரையேறியது.

"சத்தியமா சொல்றேன், நீங்க வரணும். சிப்பாய்ங்க என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டீங்கல்ல? கோதுமை, பேரீச்சை, ஆலிவ். புறா வளத்தாங்க."

"வாத்து?"

"அது... தெரியல டீச்சர்."

"பாவம், ருசி தெரியாமலே போய்ச் சேந்துட்டாங்க போல." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க கூப்பிட்டதே வயிறு நெறஞ்ச மாதிரி."

இரண்டு முறை ஆகிவிட்டது. பழக்கதோஷத்தில் ஸக்லூல் வண்டியைக் கிளப்பிவிட்டான். ஷாஸ்லி ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டான். இன்ஷிராஹ் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

6

மூன்றாம் அழைப்பை நான் எழுதப்போவதில்லை. பிறகு ஷாஸ்லியிடமே கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினான். கொஞ்சம் சதை போட்டிருந்த மாதிரியும் இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அதனால் நீங்கள்தான் கூப்பிட வேண்டும். அவள் அதோ வாசலில் நிற்கிறாள், ஆறிப்போன வடை இன்னும் பாயில் காத்திருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: முதலில் கையிலிருக்கும் சாவியைக் கீழே வைத்துவிடுங்கள்.