முள்வேலியில் ஒரு நாரை

“சாப்பிடக் கூடாத பறவைன்னா, கர்த்தருக்கு அதைப் பிடிக்காதாப்பா?”

ஓக்லாளுக்கு அப்போது ஆறு வயது. வாற்கோதுமை வயலின் முள்வேலியில் ஒரு நாரை சிக்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தாள். அவளுடைய அப்பா பல்தி நல்ல அங்கி உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பி நின்றான்.

“கழுகு, காக்கா, ஆந்தை மாதிரி நாரையும் நமக்கு ஆகாதுன்னு சட்டம். அவ்வளவுதாம்மா,” என்றான். 

அன்று பல்தியின் அண்ணன் அசரேலின் நன்றிப் பலி. மகன் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காகக் கடா பலியிட்டு உறவையெல்லாம் அழைத்திருந்தான். அத்தித் தோட்டத்தைப் பங்கு பிரித்ததிலிருந்து பேச்சு நின்றுபோன தம்பிக்கும் ஆள் அனுப்பியிருந்தான். அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் விட்ட உறவு ஒட்டிக்கொள்ளும். உட்காராவிட்டால், அசரேல் மறுபடி கூப்பிடுகிற ஆள் இல்லை.

தீட்டோடு பலி இறைச்சியைத் தொட முடியாது. உயிருள்ள நாரையைத் தொட்டால் குற்றமில்லை. கையில் செத்துப்போனால் பொழுது சாயும்வரை தீட்டு என்பது ஊர் வழக்கம்.

பல்தி வேலியருகே போய்ப் பார்த்தான். முள் சிறகைக் கிழித்து மார்பில் இறங்கியிருந்தது. தேவதாரு மரத்து உச்சிக் கூட்டில் குஞ்சுகள். அவற்றின் மேல் இணை நாரை நின்று, அலகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“விட்டுட்டு வாங்க. அது பிழைக்காது,” என்றாள் மனைவி எரியோத். “உங்க அண்ணனைத் தெரியாதா? மூஞ்சியைத் திருப்பினார்னா கல்லறைக்கும் அப்படியேதான் போவார்.”

“போன வருஷம் வெட்டுக்கிளி விழுந்தப்போ நாம சட்டியைத் தட்டிக்கிட்டு நின்னோம். இதுங்கதான் இறங்கி வயலைக் காப்பாத்துச்சு,” என்றான் பல்தி. “நம்ம சட்டியில போடக் கூடாதுன்னுதான் கர்த்தர் சொன்னார். முள்ளுல விட்டுட்டுப் போன்னு சொல்லலையே.”

முள்ளை ஒவ்வொன்றாக விலக்கினான். நாரை கொத்தவில்லை. அவன் மடியில் கழுத்தைச் சாய்த்தது. தண்ணீர் தொட்டு வைத்தபோது அலகை மெல்லத் திறந்தது. பிறகு உயிர் அடங்கிவிட்டது.

எரியோத் ரத்தம் படிந்த அந்த அங்கியைப் பார்த்தாள். திட்டவில்லை. “நானும் பிள்ளையும் போறோம். நடந்ததைச் சொல்றேன்,” என்றாள்.

பொழுது சாய்ந்ததும் பல்தி குளித்து, அங்கியைத் துவைத்து, அதையே உடுத்திக்கொண்டு போனான். விருந்தினர் கலைந்துவிட்டிருந்தார்கள். அசரேல் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“ஒரு பறவைக்காகப் பந்தியை விட்ட ஆளு நீ ஒருத்தன்தான்டா. அதுவும் தின்னக்கூட முடியாத பறவை.”

“கோபமாண்ணே?”

“வந்துச்சு. எரியோத் வெட்டுக்கிளின்னு சொன்னதும் போயிடுச்சு. என் வயலையும் அதுங்கதானே காப்பாத்துச்சு.” மூடி வைத்திருந்த தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினான். “பலி இறைச்சி, விடியறதுக்குள்ள தின்னு தீர்க்கணும். உக்காரு. துணி ஏன்டா இப்படிச் சொட்டுது? காய வெச்சுட்டு வரக் கூடாதா?”

“காயறதுக்குள்ள நீ மனசு மாறிட்டா?”

அசரேல் சிரித்தான். ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவன் கையில் வைத்தான்.

ஒற்றை நாரையால் குஞ்சுகளை விட்டு வெகுதூரம் இரை தேடிப் போக முடியாது. மறுநாள் விடிகாலையில் பல்தி தனியாக ஊற்றுக்குப் போனான். தன் முறைத் தண்ணீரில் பாதியை வயலுக்கு விட்டு, மீதியைத் தேவதாரு மரத்தடிப் பள்ளத்துக்குத் திருப்பினான். ஈரம் நின்றால் தவளை வரும். குஞ்சுகள் பறக்கும்வரை ஒவ்வொரு முறைக்கும் அப்படியே செய்தான். ஊர் எழுவதற்கு முன், திருப்பிய தடம் தெரியாதபடி கால்வாய் மண்ணை மிதித்துச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.