கோட்டக்குப்பத்தில் கொதித்த வண்டி

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள்: கோவிந்தராசு ஆகிய நான், என் மனைவி சின்னப்பாப்பா, என் அக்கா செல்வாம்பாள், வண்டியை ஓட்டிய என் மகன் நிலவன். வண்டி நின்ற இடத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தவர் எங்கள் தெரு இராமதாஸ். எங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் அங்கே இல்லை. சாரத்தில் இப்போது இதைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் எதையும் பார்க்காதவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அது. பிள்ளைச்சாவடியில் என் பேத்தி கவிநிலாவுக்குக் காதுகுத்து. அவளுக்கு ஏழு வயது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுவரை ஒரு பெண் குழந்தையை வெறுங்காதோடு வைத்திருக்கிற வழக்கம் இல்லை. என் மகள் செந்தமிழ்ச்செல்வி வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் தன் பெண் காது குத்திக்கொள்ள வேண்டும், மாமன் வருகிறவரை காது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். தாய்மாமன் என்றால் நிலவன். நான் போகச் சொல்லாமல் நிலவன் போக மாட்டான். நான் சொல்லவில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். எங்களைக் கேட்காமல், தன் விருப்பத்துக்குப் பிள்ளைச்சாவடியில் திருமணம் செய்துகொண்டாள். அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். பெற்றவனைக் கேட்காமல் செய்தது சரி என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் மருமகன் அருள்முருகன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு, துணைக்குக்கூட ஆளில்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். முறையோடு வந்தவருக்கு முறை செய்தாக வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொல்லவில்லை. சின்னப்பாப்பா சொன்னாள், உட்கார்ந்தார்.

போவதென்று ஆனபின் குறைவாகப் போகக் கூடாது. எங்கள் வெள்ளை அம்பாசிடரைத்தான் எடுப்பது என்றேன். நான் மில்லில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. செந்தமிழ்ச்செல்வி வண்டி ஓட்டப் பழகியது அதில்தான். அவள் குள்ளம், முன்சீட்டை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். அவள் போனபிறகும் சீட்டைப் பின்னால் தள்ள நான் யாரையும் விட்டதில்லை. நிலவன் ஆறடி உயரம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டுவான், முனகுவான். முனகட்டும்.

முந்தின ஞாயிறு நோணாங்குப்பம்வரை ஓட்டிப் பார்த்தோம். சூட்டைக் காட்டுகிற முள் நடுவை விட்டு அசையவில்லை. வியாழன் மாலை பேனர் வந்தது. நடுவில் ‘தாய்மாமன் சீர்’ என்று பெரிய எழுத்து, ஒரு பக்கம் என் படம், கீழே ‘சாரம் கோவிந்தராசு குடும்பத்தார்’. வண்டியின் முகப்பில், ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குவரை இழுத்து, கீழே பம்பரோடு சேர்த்து நானே கட்டினேன். பிள்ளைச்சாவடித் தெருவில் நுழையும்போதே யார் வீட்டுச் சீர் வருகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கோட்டக்குப்பம் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது நிலவன், “அப்பா, முள்ளு செவப்புக்குப் போயிடிச்சு” என்றான். ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினோம். புகைபோல ஆவி கிளம்பியது. அந்த நேரம் பார்த்துத்தான் இராமதாஸ் வந்தார்.

“என்னாண்ணே, சீரோட சேத்து இட்லியும் அவிச்சி எடுத்துனு போறீங்களா?”

பின்சீட்டிலிருந்து அக்கா தலையை நீட்டியது.

“டேய் கோவிந்து, ஆட்டோவக் கூப்புடுறா.”

“சீர் ஆட்டோவுல போவாது.”

“வண்டியும்தான் போவல. தட்ட நான் தலையில வெச்சினு நடக்கட்டா?”

சின்னப்பாப்பா இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் தணிந்திருந்தது. “பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும். வந்த சனம் காத்துனு இருக்காது. கவிநிலாவ அவ பெரியப்பா மடியிலயே உக்கார வெச்சிக் குத்திடுவாங்க. அந்தப் புள்ள இத்தினி வருசம் வெறுங்காதோட நின்னதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். பாத்துக்குங்க.”

நான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலவன் என்னைக் கேட்காமலே போனை எடுத்தான். அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்கவில்லை. செந்தமிழ்ச்செல்வி குட்டியானை வண்டி வைத்து மீன் ஏற்றிப் போகிறாள்; இன்ஜின் விஷயத்தில் அவளுக்கு எப்போதும் கை ராசி உண்டு. ஸ்பீக்கரில் போட்டு பானெட் ஓரத்தில் வைத்தான்.

“அக்கா, வண்டி ஹீட் ஆயிடிச்சுக்கா. கோட்டக்குப்பத்துல நிக்கிறோம்.”

“ரேடியேட்டர் மூடியத் தொறந்துடாத! மூஞ்சியில அடிச்சிடும். தண்ணி ஊத்துனீங்களா?”

“காலைலதான் நானே ரொப்புனேன்னு சொல்லு” என்றேன் நிலவனிடம்.

“அப்பா காலைல ரொப்புனாராம்.”

“காதுல உழுந்துது. எங்கனா ஒழுவுதா, கீழ பாரு.”

“தரை காஞ்சிதான் கெடக்குன்னு சொல்லு.”

“இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ஃபேன் சுத்துதா பாரு.”

“சுத்துதுன்னு சொல்லு.”

பின்சீட்டிலிருந்து செல்வாம்பாள் அக்கா சத்தமாகச் சொன்னது: “நல்லா இருக்குது கூத்து. ஒரே போனு, நடுவுல ஒரு தரகன்.”

நான் திரும்பவில்லை. செந்தமிழ்ச்செல்வியும் கேட்காததுபோல மேலே பேசினாள்.

“சரி, இன்ஜின நிறுத்திடு. ரேடியேட்டருக்கு மேல ஒரு ஓஸ் போவுது, கீழ ஒண்ணு வருது. ரெண்டையும் தொட்டுப் பாரு. மேல சூடா, கீழ ஜில்லுனு இருந்தா தண்ணி சுத்தல, உள்ள வால்வு மாட்டிக்கிச்சு. அப்ப ஆட்டோதான். ரெண்டும் ஒண்ணா கொதிச்சா தண்ணி நல்லா ஓடுதுன்னு அர்த்தம்.”

நிலவனுக்குக் கீழ் ஓஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்ஜினுக்குள் தலையை விட்டுத் தேடினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் தரையில் முட்டி போட்டேன். இராமதாஸ் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். கையை உள்ளே விட்டுக் கீழ் ஓஸைப் பிடித்தேன்.

“ரெண்டும் கொதிக்குது” என்றேன்.

‘சொல்லு’ என்கிற வார்த்தை அதில் இல்லை. நானும் சொன்ன பிறகுதான் கவனித்தேன். போனில் காதுகுத்து வீட்டு மேளம் கேட்டது.

“அப்பா, கைய சுட்டுக்கினீங்களா?”

“இல்ல.”

சுட்டிருந்தது. விரல்களை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன்.

“போன வாரம் ஓட்டிப் பாத்தீங்களேப்பா, நிலவன் சொன்னானே. அப்ப ஏறுச்சா?”

“ஏறல. நோணாங்குப்பம் போயி வந்தோம்.”

“அப்ப வண்டி நல்லாத்தான் இருக்குது. இன்னைக்குப் புதுசா என்ன? காத்து உள்ள போவலன்னு தோணுது. முன்னாடி வலைப்பக்கம் எதனா மறைக்குதா?”

நிலவன் முகப்பைப் பார்த்தான். சின்னப்பாப்பாவும் பார்த்தாள். நான் எழுந்து நின்று பார்த்தேன். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குவரை, இழுத்துக் கட்டிய பேனரிலிருந்து நானே என்னைப் பார்த்தேன்.

“பேனர் கட்டியிருக்கு” என்றேன்.

“பேனரா? எந்தப் பக்கம்?”

“முன்னாடி முழுக்க.”

“யார் படம்பா போட்டிருக்கு?”

“என் படம்.”

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், மூக்கு வழியே வெடித்து வருகிற சிரிப்பு. சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்படிச் சிரித்துத்தான் என்னிடம் திட்டு வாங்குவாள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டை விட்டுப் போய் எத்தனை காலம் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்றே இருந்தேன். சின்னப்பாப்பா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதக் கழட்டிட்டு, நல்லா ஆற உட்டு, மெதுவா வாங்கப்பா. ஆசாரிய நான் புடிச்சி வெக்கிறேன். நீங்க வராம ஊசி எடுக்க உட மாட்டேன்.”

“சரி.”

முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். இராமதாஸ் சும்மா இருக்கவில்லை.

“உங்க மூஞ்சிதான் இன்ஜின மூச்சு முட்ட வெச்சிதாண்ணே?”

“போய்யா, உன் வேலயப் பாத்துனு.”

“அதக் குடுறா, ஜன்னல்ல நான் புடிச்சினு வரேன்” என்றது அக்கா. “நீயும் காத்தாட வருவ.” மடித்து டிக்கியில் போட்டேன். பேர் இல்லாமல், படம் இல்லாமல் எங்கள் வீட்டுச் சீர் மேலே போனது. கடல் பக்கத்துக் காற்று முகப்பில் நேராக அடித்தது. பொம்மையார்பாளையம் தாண்டும்போது முள் நடுவுக்கு இறங்கிவிட்டது.

ராகுகாலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தெரு முனையிலேயே செந்தமிழ்ச்செல்வி நின்றிருந்தாள். பேனர் இல்லாமலே யார் வண்டி என்று அவளுக்குத் தெரிந்தது. “வாங்கப்பா” என்றாள். தலையை அசைத்தேன். போனில் வந்த பேச்சு நேரில் எங்கள் இருவருக்குமே வரவில்லை. கவிநிலா நிலவன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி ஏறும்போது அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதாள். நாங்கள் கொண்டுபோன தோடு ஏறியது.

சாப்பாட்டுக்குப் பிறகு, வண்டி வெயிலில் நிற்கிறது என்று சொல்லி செந்தமிழ்ச்செல்வி நிலவனிடம் சாவி வாங்கினாள். ஏறி உட்கார்ந்தவள், சீட்டை முன்னால் இழுக்கக் கையைக் கீழே விட்டாள். கை அங்கேயே நின்றது. இழுக்கத் தேவையில்லை. கால் சரியாக எட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

“முள்ளு எங்க நிக்குது பாரு” என்றேன்.

சாவியைத் திருப்பினாள். “நடுவுலதாம்பா.”

அவ்வளவுதான் அன்று நேரில் நாங்கள் பேசியது.

இராமதாஸ் இப்போது சாரத்தில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருக்கிறார். அன்றைக்கு வந்த கோளாறு கோவிந்தராசு வண்டிக்கு இன்னும் தீரவில்லையாம். அதனால்தான் தினமும் சாயங்காலம் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போன் போட்டு, மகளிடம் வைத்தியம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். பேசாமல் காயலான் கடையில் போட்டுவிடலாமாம்.

இது தவறு. வண்டிக்கு ஒரு கோளாறும் கிடையாது.