டப்பிங் பாக்கி

மனைவியின் முகத்தில் உட்கார வந்த ஈயை அவன் விரட்டிக்கொண்டிருந்தபோது, டைரக்டர் மாலையை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். செண்ட் வாசனை தூக்கியடித்தது.

“தம்பி, கதைன்னு பாத்தா ஒண்ணுமில்ல. புருஷன் செத்துப்போறான், பொண்டாட்டி கடையை நடத்துறா. சப்பை. அதைத் தூக்கி நிறுத்துனதே உங்க வீட்டம்மாதான்.”

அவனுக்குத் தெரியும். அந்தப் படப்பிடிப்பில் ஓரமாக நின்று பார்த்தவன். ‘கதறி அழுகிறாள்’ என்றுதான் வசனத்தாளில் இருந்தது. அவள் அழவில்லை. பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்து, உள்ளறைப் பக்கம் திரும்பி, “சாப்பிட வர்றியா, மூடி வைக்கவா?” என்றாள். வீட்டில் தினமும் சமையலறையிலிருந்து அவனிடம் கேட்பதுதான். லைட்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று ரோட்டைக் கடக்கும்போது அவள்மேல் வேன் மோதிவிட்டது.

வாசலில் கதாநாயகன் செல்போன்கள் உயரும்போதெல்லாம் அழுதான். தாழ்ந்ததும் நிறுத்தினான்.

“டப்பிங் பாக்கி இருக்கு தம்பி,” டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். “அவங்க தங்கச்சிக்கு அதே குரலாமே?”

“செட்ல பேசுனதையே வைங்க.”

“ஜெனரேட்டர் இரைச்சல். ஒண்ணும் தேறாது.”

“அப்ப அவ பேசாமலே இருக்கட்டும். வேற யாரும் பேச வேணாம்.”

“நல்லா இருக்கு! ஊமைப்படமா எடுத்தேன்?”

டீத் தட்டோடு வந்த மச்சினி நின்றாள். அழுது வீங்கிய கண்கள்.

“அக்கா உழைப்பு வீணாப் போகணுமா அத்தான்? போன்ல நான் பேசினா நீங்களே ஏமாந்திருக்கீங்க.”

“இப்ப வேணாம்மா.”

“ஒரே ஒரு வரி, பாப்போம்,” என்றார் டைரக்டர்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மூக்கை உறிஞ்சி, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிணத்துக்கு முன்னால் தொண்டையைக் கனைக்கிறாள். அவன் அருவருப்போடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சாப்பிட வர்றியா, மூடி வைக்கவா?”

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“அடடா! ஒரிஜினலேதான்!” டைரக்டர் தொடையில் தட்டினார். மச்சினியின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து போனது. அப்புறம் இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கால்கள் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தன.

ஈ மனைவியின் உதட்டில் உட்கார்ந்திருந்தது.